மறுப்பு உண்டா என்று கேட்டவர்

கட்சி அலுவலகத்தில் இப்போது சமூக ஊடக வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் முத்தையாபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேராசிரியர் பொன்னையாவின் நினைவு நாளுக்கு ஒரு பேச்சு தயாரித்திருந்தார்கள். அவர் நடையிலேயே இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் போனில் ஏதோ ஏ.ஐ.யைக் கேட்டு அதில் இன்னொரு பத்தியையும் வரவழைத்துவிட்டார்கள். படித்துப் பார்த்தேன். குறை சொல்ல முடியாது. அவருடைய சொற்கள் இருந்தன, அவர் மூச்சு விட்டு நிறுத்தும் இடங்கள்கூட இருந்தன. உப்பளத்துப் பெண்களைப் பற்றி நாலு வரி உருக்கமாகவே இருந்தது.

"இதை யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் மேடம் முதல்ல."

"உப்பளத்துல?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரில் பெண் பிள்ளை மட்டும், "அப்படியெல்லாம் செய்வாங்களா?" என்றாள். அதில் கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சொல்ல முடியாமல் போனதை எழுதிப் பார்க்கிறேன்.

நான் பொன்னையா சாரிடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். சொந்த ஊர் நாசரேத். மிஷன் பள்ளிக்கூடம், பிறகு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கெழுத்து. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சில காலம் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகன் பிறந்தான், வேலையை விட்டேன். வீட்டில் இருந்தபோதுதான் சார் ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். அவர் அப்போது கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். கையெழுத்து அவருக்கே புரியாது. ஒரு புத்தகத்தை மட்டும் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். அவர் கல்லூரியை விட்டு, எம்.எல்.ஏ. ஆகி, அடுத்த தேர்தலில் தோற்று, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி முன்னுரை சொல்லும்வரை அங்கேதான் இருந்தேன். அவர் போன பிறகு வேறு யாருக்கும் எழுத மனம் வரவில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நான் தட்டச்சு செய்யப் போன அந்தப் புத்தகம் 'அடக்கிய மூச்சு'. இந்தக் கரையில் அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்திய காலத்தைப் பற்றியது. அதற்காக அவர் ஆவணக் காப்பகத்தில் பல கோடை விடுமுறைகளைக் கழித்திருந்தார். எத்தனை படகு இறங்கியது, எத்தனை சிப்பி ஏறியது, சர்க்காருக்கு எவ்வளவு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு எவ்வளவு என்று எல்லாம் அங்கே இருந்ததாம். "முங்கினவன் பேரு மட்டும் ஒரு தாள்லயும் இல்ல, எஸ்தர்" என்பார். சிப்பியைக் கொண்டு எழுதாமல் மூச்சைக் கொண்டு எழுதிய வரலாறு என்று அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் சொன்னார்கள். அதில் கயிறு பிடிக்கிறவனைப் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர் படகில் நின்று கயிறு பிடிப்பவன் கையில். அந்த வேலைக்கு அந்தக் காலத்தில் மனைவியின் அண்ணனையோ தம்பியையோதான் வைப்பார்களாம். மச்சான் தன் உடன்பிறந்தவள் தாலி அறுவதற்கு விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. குடும்ப உறவையே பாதுகாப்பு விதியாக எழுதிவைத்த தொழில் என்று அதை அவர் விளக்கியிருந்தார். உப்பளங்களைப் பற்றி எழுதிய 'வெள்ளை வயல்' இரண்டாவது புத்தகம். மழைக்காலத்தில் உப்பளத்துக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று அதில் எழுதப்போய்த்தான் அரசியல் அவரைப் பிடித்துக்கொண்டது.

எழுத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டாமல் எதையும் அச்சுக்கு அனுப்பமாட்டார். "ஒருத்தரைப் பத்தி அவருக்குத் தெரியாமப் பேசினா அதுக்குப் பேரு புறணி. அதையே அச்சுல போட்டா ஆராய்ச்சி ஆயிருமா?" என்பார்.

அவர் நடந்துகொண்டே சொல்வார், நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன். வரிக்கு வரி இடைவெளி விட்டு, இடது பக்கம் கை அகல ஓரம் விட்டு அடிக்க வேண்டும். அந்த ஓரம் மறுப்புக்கு. பிறகு அந்தத் தாள்களோடு கிளம்புவோம். அவர் மேடையில் பேசுவதுபோல் படிக்கமாட்டார், பால் கணக்குச் சொல்வதுபோல் படிப்பார். குரலால் இழுத்துவிடக் கூடாதாம். "தாள் கைதட்டாது, அது தன் காலிலேயே நிக்கணும்" என்பார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தலையைத் தூக்கி, "மறுப்பு உண்டா?" என்று கேட்பார். யாராவது மறுத்தால் அவர் பதில் பேசக் கூடாது. நான் அவர்கள் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டும், அவர்கள் வாய்மொழியிலேயே திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். 'ஆமா, இதான் சொன்னேன்' என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பத்தி. மறுப்பு சரி என்று பட்டால் கட்டுரையைத் திருத்துவார். சரி என்று படாவிட்டால் கட்டுரைக்குக் கீழே அந்த மறுப்பு, சொன்னவர் பெயரோடு அச்சில் வரும். எப்படியும் பெயர் வரும்.

அவர் ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். மறுத்தால் காது மடல் சிவந்துவிடும். காரில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டு வருவார். அழகான வாக்கியம் ஒன்று அடிபட்டுப் போனால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவர் பக்கம் போகமுடியாது. மறுநாள் காலையில் வந்து, "அந்தாளு சொன்னது சரிதான்" என்று ஆரம்பிப்பார்.

உடன்குடிப் பக்கம் பனைத்தொழிலைப் பற்றி எழுதியதைப் படித்தபோது நடந்ததைச் சொல்லவேண்டும். 'விடியற்காலையில் இறக்கிய பதநீரின் இனிப்பு' என்று அவர் ஒரு வரியை நெகிழ்ந்து எழுதியிருந்தார். கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அம்மா அகப்பையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏ ஐயா, சுண்ணாம்பு எங்க?"

"என்ன சுண்ணாம்பு?"

"கலயத்துல தடவுத சுண்ணாம்பு. அதைப் போட்டாத்தான் பதனி. போடாட்டா அது கள்ளு. நீரு பாட்டுக்கு இனிப்பு, கினிப்புன்னு எழுதிட்டுப் போயிருவீரு. நாளைக்குப் போலீசு வந்து எம் மாப்பிள்ளைய ஜீப்புல ஏத்துவான். சுண்ணாம்பைப் போடும்!"

போட்டோம். புத்தகத்தில் அந்த அம்மா பெயரும் இருக்கிறது. எங்கள் சட்டமன்றத் தொகுதியில் பெயர் அச்சில் வந்தவர்கள் அதிகம் பேர் இவருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது கட்சியின் நகரச் செயலாளர் சுயம்பு அண்ணாச்சியின் கணக்கு. அண்ணாச்சிக்குப் பெயிண்ட் கடை. சார் மேல் உயிர். ஆனால் இந்த வாசிப்புகள் மட்டும் அவருக்கு ஆகாது. "ஏளா எஸ்தர், நான் எத்தனையோ தலைவரைப் பாத்துட்டேன். ஊர் ஊராப் போயி, நான் என்ன தப்பு எழுதுனேன், சொல்லுங்கன்னு கேக்குத ஒரே ஆளு இவருதான். ஓட்டுக் கேக்கணும்ளா, தப்புக் கேக்காரு" என்பார்.

சட்டமன்றத்திலும் சார் அப்படித்தான். ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, 'இதை மறுத்தவர் இன்னார்' என்று மறுப்பையும் சேர்த்துச் சொல்வார். எதிர்க்கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் கட்சிக்காரர்களும் சிரிப்பார்கள்.

இனி சேவியர் விஷயம்.

சேவியர் சங்கு குளிக்கிற பையன். இருபத்திமூன்று வயது. கடலோரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. இப்போது யாரும் மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவதில்லை. படகில் ஒரு கம்ப்ரசரை வைத்து, அதிலிருந்து ஓஸ் என்கிற நீளமான ரப்பர் குழாய் வழியாகக் காற்றை அனுப்புவார்கள். கீழே இருப்பவன் அதை வாயில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சங்கு பொறுக்குவான். அனுமதி இல்லாத முறைதான். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் போகிறார்கள். சேவியர் அப்படிப் போய் உயிரில்லாமல் கரைக்கு வந்தான். நெஞ்சுவலி என்று எல்லாரும் சொன்னார்கள். கூடப் போன ஒரு பையன் மட்டும் சாரிடம், "நெஞ்சுவலி இல்ல சார், கம்ப்ரசர்லதான் என்னமோ ஆச்சு" என்று சொல்லிவிட்டான்.

சார் விசாரித்தார். படகுக்காரர் பழைய சாமான்களை வைத்து ஓட்டுகிறவர் என்று கரையில் பேச்சு இருந்தது. உளுத்துப்போன ஓஸ் அறுந்திருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அன்று படகில் மேலே நின்றது யார் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதை வைத்து ஒரு கட்டுரை சொன்னார். நான் எடுத்தவற்றிலேயே ஆகச் சிறந்த கட்டுரை அது என்று அன்றைக்கு நினைத்தேன். அதில் ஒரு வாக்கியம்: 'கடலுக்கு மேலே இருப்பவனுக்குக் காற்று இலவசம், கீழே இருப்பவனுக்கு அது இன்னொருவன் கையில் இருக்கிறது.' அதைச் சொல்லிவிட்டு நடையை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவேண்டும். சொன்னேன்.

எனக்கு அதை எடுப்பதே கஷ்டமாக இருந்தது. என் மகன் அப்போது கப்பல் என்ஜினீயரிங் கடைசி வருஷம். அவனுக்கும் சேவியருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். சுயம்பு அண்ணாச்சி காரிலேயே இருந்துகொண்டார். சேவியரின் அம்மா பிலோமினா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளறையில் அவள் கணவர் லாரன்ஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. அவரும் ஒருகாலத்தில் சங்கு குளித்தவர். காது மந்தமான பிறகு படகில் மேல்வேலை பார்த்து வந்தார்.

"அவரு பேசுறதில்ல சார்" என்றாள் பிலோமினா. "சோறு வச்சாத் திங்காரு. வைக்கலன்னா கேக்கமாட்டாரு."

சார் படித்தார். அந்த வாக்கியம் வந்தது. இன்னொருவன் கையில் இருக்கிறது என்று அவர் முடித்ததும் பிலோமினா எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மீதிக் கட்டுரையைக் கேட்டாள்.

"மறுப்பு உண்டா அம்மா?"

"மறுப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா போடாதிய."

"எங்க தப்பு இருக்குன்னு சொன்னீங்கன்னா..."

"தப்புன்னு நான் சொன்னனா சார்? போடாதியன்னுதான் சொல்லுதேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. சார் தாள்களை மடித்துக்கொண்டார். மறுத்தால் என்ன செய்வது என்று அவருக்கு விதி இருந்தது. மறுக்காமல், வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று விதி இல்லை.

காரில் அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், அந்தப் படகுக்காரன் நம்மள எதுத்து நிக்குத கட்சி ஆளு. எலெக்சன் வாசல்ல நிக்குது. இதைப் பத்திரிகைல போட்டா அவன் ஊரை விட்டே ஓடிருவான். இதைப் போயி வேண்டாங்கிய!"

"நான் வேண்டாங்கல அண்ணாச்சி. அந்தம்மா வேண்டாங்காங்க."

"அந்தம்மா ஓட்டு ஒண்ணு சார்!"

சார் முறுக்குப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். பிரிக்காமலே வைத்துவிட்டார்.

ஒரு வாரம் அந்தத் தாள்கள் மேஜையிலேயே கிடந்தன. பத்திரிகையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காலையில் நான் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் திரும்பாமலே பேசினார்.

"நான் இதைப் போடாம வச்சிருக்கிற ஒவ்வொரு நாளும் யாரோ ஒருத்தன் அந்த மிஷினை நம்பிக் கடலுக்குள்ள இறங்குதான், எஸ்தர். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்பது அபூர்வம். "பெத்தவ வேண்டாம்னு சொல்லியிருக்கா சார். போடாதீங்க" என்றேன்.

"மத்தவங்களையும் யாரோ பெத்துத்தானே இருப்பாங்க?"

அன்று மத்தியானம் மகனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வகுப்பில் இருந்திருப்பான். திரும்பக் கூப்பிடும்வரை நான் ஒரு வரி தட்டச்சு செய்யவில்லை.

அச்சில் போடாமல், பெயர் இல்லாமல், சங்கு குளிக்கிறவர்களுக்கு மட்டும் படித்துக் காட்டுவது என்று கடைசியில் முடிவு செய்தார். முதலில் பிலோமினாவிடம் போய்ச் சொன்னார். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பேரு இல்லாம, ஊருக்குள்ள மட்டும்னா செய்ங்க. எங்க வீட்டுக்காரரு அங்கன வரமாட்டாரு" என்றாள்.

வேட்புமனு கொடுக்கும் வாரம் அது. மற்ற வேட்பாளர்கள் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்குக் கொட்டகையில் கட்டுரை படிக்கப் போனார். அந்தத் தேர்தலில் தோற்றார் என்று முன்பே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் காரணமாகச் சொல்வார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சார் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

கொட்டகையில் சங்குக் கறி வாடை. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால் குளிக்கிறவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கலையாமல் சங்கு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சார், எலெக்சன் வருதோ?" என்றான் ஒருவன்.

"வருது. அதுக்கு வேற பேச்சு வச்சிருக்கேன். அதுல பொய் கொஞ்சம் கூட இருக்கும்."

"அப்ப இதுலயும் கொஞ்சம் இருக்கா?"

"இருந்தா நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தானே வந்தேன்."

சிரித்தார்கள். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பத்திக்கு மறுப்பு இல்லை. இரண்டாவதற்கு ஒருவன் ஓஸின் நீளத்தைத் திருத்தினான், எடுத்துக்கொண்டேன். மூன்றாவதைத் தொடங்கும்போது வாசல் பக்கம் சலசலப்பு. லாரன்ஸ் வந்து நின்றார். பின்னாலேயே பிலோமினா, முக்காட்டை எடுக்காமல், ஓடிவந்தவள்போல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். லாரன்ஸ் உட்கார்ந்தார். சார் படிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார். லாரன்ஸ்தான், கையால், படியுங்கள் என்று காட்டினார்.

காது மந்தமானவருக்காகச் சார் சத்தமாகப் படித்தார். காற்று இன்னொருவன் கையில் இருக்கிறது என்ற வாக்கியம். உளுத்த ஓஸ். அறுந்தது. படகு உரிமையாளரின் பேராசை. பத்தி முடிந்தது.

"மறுப்பு உண்டா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

லாரன்ஸ் கையைத் தூக்கினார்.

"ஓசு அறுந்துச்சுன்னு எழுதியிருக்கிய. அறல" என்றார். பல நாள் பேசாதவர் குரல், கரகரத்தது. "ஓசு நல்ல ஓசு. மிசின் பழசுதான், ஆனா நல்லா ஓடுச்சு. படகுல மேல நின்னது நான்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகல, மச்சான் கிடையாது. அதனால நான் நின்னேன். காலைல நீவாடு தெக்க போச்சு. படகு அதுக்குத் தக்கன நின்னுச்சு. மிசின் புகை படகை விட்டு வெளிய போயிட்டிருந்துச்சு."

கடலின் நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மத்தியானம் நீவாடு திரும்பிச்சு. படகும் திரும்பிச்சு. கொண்டக் காத்து மட்டும் மாறல, கெழக்க இருந்தேதான் அடிச்சுது. பெறகு புகை எங்க போவும்? மிசின் காத்தை இழுக்குத எடத்துக்குத்தான் போவும். அந்தப் புகையத்தான் எம் புள்ளைக்கு அனுப்பியிருக்கேன். சத்தம் மாறல. குமிழி வந்துகிட்டேதான் இருந்துச்சு. படகு திரும்புனதை நான் பாத்திருக்கணும். பாக்கல. தூக்குச் சட்டியத் தொறந்துட்டேன். மேல ஏறுனதும் பசிம்பான். சாளை மீனு. முள்ளை எடுத்து வச்சிட்டிருந்தேன். இருவத்திமூணு வயசு, அவனுக்கு இன்னும் சாளைல முள்ளு எடுக்கத் தெரியாது."

மற்றது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் இதைச் சம்பவம் நடந்த அன்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். கட்டுரை அச்சில் வந்தால் கரை முழுக்க அதைப் பேசும், பேசினால் அவர் என்ன செய்துகொள்வாரோ என்று பயந்துதான் பிலோமினா கதவைச் சாத்தியிருக்கிறாள்.

"வாங்க, போவோம்" என்று அவள் அவர் தோளைத் தொட்டாள்.

"இரு" என்றவர் என்னைப் பார்த்தார். "எழுதிட்டியளா? வாசிங்க. திருப்பி வாசிக்கணும்லா?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்து அந்த நோட்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

படித்தேன். ஓஸ் நல்ல ஓஸ் என்பதிலிருந்து. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் மறுப்பைத் திருப்பிப் படித்திருக்கிறேன். எல்லாம் இன்னொருவர் பேச்சு, என் வாய் வழியாகப் போகும், அவ்வளவுதான். அன்றைக்கு 'எம் புள்ளைக்கு அனுப்பியிருக்கேன்' என்று என் வாயால் சொல்லவேண்டியிருந்தது. மீன் முள் வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. லாரன்ஸ் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்தேன். இப்போது என் மகன் கப்பலில் இருக்கிறான். கடலில் சிக்னல் இல்லாத நாட்களில் அவன் செய்தி வராவிட்டால் அந்த வரிகள் என் குரலிலேயே எனக்குக் கேட்கின்றன. வீட்டில் சொன்னால், அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்கிறார்கள்.

"ஆமா. இதான் சொன்னேன்" என்றார் லாரன்ஸ்.

மூட்டை மேலிருந்த பையன்களில் ஒருவன் மெதுவாக, "எங்க படகுலயும் அப்படித்தாம்ல இருக்கு. புகை போற குழாயும் காத்து இழுக்குத குழாயும் பக்கத்துப் பக்கத்துல" என்றான். பக்கத்திலிருந்தவன், "எங்களுதும்" என்றான். வெள்ளைச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குழாயை எங்கே வைப்பது, மூங்கில் நட்டு உயரத்தில் கட்டினால் என்ன, அனுமதி இல்லாததை எதற்கு ஓட்டுகிறோம் என்று ஆளாளுக்குத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்கள்.

சார் பென்சிலை எடுத்தார். உளுத்த ஓஸை அடித்தார். படகுக்காரரைப் பற்றிய வரிகளையெல்லாம் அடித்தார். அந்த வாக்கியத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"லாரன்ஸ், காத்து இன்னொருத்தன் கையில இருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கேன். படகுக்காரரை நினைச்சு எழுதினது. எடுத்துரட்டுமா?"

லாரன்ஸ் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். "இருக்கட்டும். நெசந்தான?" என்றார். பிறகு, "பேப்பர்ல போடுங்க. புள்ளையளு அடுத்த கரையிலயும் இருக்கானுவள்ளா?" என்றார்.

"போடுதேன். ஆனா பேரு வேண்டாம். 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டுக்கிடுதேன்."

"கருப்பட்டி காச்சுத பொம்பளைக்கெல்லாம் பேரு போட்டியளாமே. எனக்கு மட்டும் என்ன?"

சார் தன் விதியிலேயே மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"அவரு பேரை மட்டும் போடாதிய" என்றாள் பிலோமினா.

எல்லாரும் திரும்பினார்கள். அன்று வீட்டில் சொன்னதையே சொல்கிறாள் என்று நினைத்தேன். சாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அவள் முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்டு, கணவரைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"அந்த மீனை ஆக்கிக் குடுத்துவிட்டது நானு. எம் பேரையும் சேத்துப் போடுங்க. அந்த மனுசனைத் தனியா விடாதிய."

என் முன்னால் வந்து நின்று நோட்டைக் குனிந்து பார்த்தாள். கோடும் கீற்றுமாக இருந்த சுருக்கெழுத்து அவளுக்கு எப்படிப் புரியும்? அதற்குக் கீழே, அவள் படிக்கும்படி, முழு எழுத்தில் எழுதினேன்: லாரன்ஸ், பிலோமினா.